சுமை வண்டி வாங்குவதற்கு முன்

(வானொலிப் பேச்சு)



நெல்லோ, தக்காளியோ, வாழைத்தாரோ, எதுவானாலும் விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததைக் கெடாமல், நசுங்காமல், விலை இருக்கிற நேரத்தில் சந்தையில் கொண்டுபோய் இறக்குவது மீதிப் பாதி. வருகிறேன் என்று சொன்ன வாடகை வண்டி வரவில்லையென்றால், பறித்த காய் வரப்பிலேயே வாடிப்போகிறது. அதனால்தான், "சொந்தத்திலே ஒரு வண்டி இருந்தா தேவலைங்க" என்று பல பேர் நினைக்கிறார்கள். சிலர் தனியாகவும், சிலர் அண்ணன் தம்பி சேர்ந்தும் பிக்கப் வண்டி வாங்குகிறார்கள்.

இது பல லட்ச ரூபாய் விஷயம். நகையை வைத்து முன்பணம் கட்டி, ஐந்து வருஷம் தவணை கட்டவேண்டிய சமாசாரம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டியும் பார்க்கிறோம். வண்டி வாங்கும்போது மட்டும் விளம்பரத்தைப் பார்த்தும், பக்கத்து ஊர்க்காரர் வாங்கியதைப் பார்த்தும் முடிவு செய்துவிடுகிறோம். எந்தக் கம்பெனி வண்டியை வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எதையெதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எச்.பி. மட்டும் போதுமா?

வண்டி பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை எச்.பி.ங்க?" என்பது. எச்.பி. என்றால் குதிரை சக்தி. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை சக்தி. இதில் எடையும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கி வருவதுதான் சக்தி.

கவலை இறைத்த காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பெரிய சால் கட்டினால் மாடு மெதுவாக இறங்கும். சின்ன சால் கட்டினால் வேகமாக இறங்கும். மாட்டின் உழைப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வடத்தில் தொங்கும் கனம் வேறு. என்ஜினிலும் இப்படித்தான். வேகமாகச் சுற்றி ஒரு எச்.பி. கொடுப்பது ஒரு வகை. மெதுவாகச் சுற்றி, கனமாகத் திருகி அதே எச்.பி. கொடுப்பது இன்னொரு வகை. இந்தத் திருகும் பலத்துக்கு முறுக்கு விசை என்று பெயர். கம்பெனிப் புத்தகத்தில் அதை நியூட்டன் மீட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். 2005-ம் வருஷம் டாடா கம்பெனி ஏஸ் என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தார்கள். அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். சக்தி 16 எச்.பி. தான். முக்கால் டன் பாரம் சுமந்தது. இன்றைக்கு 150 சி.சி. மோட்டார் சைக்கிளிலும் ஏறக்குறைய அதே அளவு எச்.பி. இருக்கிறது. அதற்காக மோட்டார் சைக்கிள் முக்கால் டன் இழுக்குமா? இழுக்காது. குட்டி யானையின் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றிலேயே ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்தது. மோட்டார் சைக்கிள் என்ஜின் கொடுப்பது 13, 14 தான். அதுவும் பல ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான்.

ஆகவே வண்டி பார்க்கும்போது, "முறுக்கு விசை எவ்வளவு, எத்தனையாவது சுற்றில் வருகிறது?" என்று சேர்த்துக் கேளுங்கள். மகிந்திரா பொலிரோ பிக்கப் வண்டியின் 2.5 லிட்டர் டீசல் என்ஜின் சுமார் 75 எச்.பி. உள்ளது. அது 1,400 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். அப்படிக் குறைந்த சுற்றிலேயே விசை வந்தால், பாரத்தோடு நிற்கும் வண்டியைக் கிளட்ச் கருகாமல் கிளப்பலாம். அதிகச் சுற்றில்தான் விசை வருமென்றால், ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரை அழுத்திக் கிளட்சைத் தேய்க்கவேண்டி வரும்.

மேட்டுக்கும் சேற்றுக்கும் ஒரு கணக்கு

வண்டியும் பாரமும் சேர்ந்து 2,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிற தார் ரோட்டு மேடு. அதில் ஏற, மேட்டுக்காக 135 கிலோ இழுப்பும், சக்கரம் உருள்வதற்காகச் சுமார் 40 கிலோ இழுப்பும் வேண்டும். ஆக 175 கிலோ. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் இதற்கு 20 எச்.பி.க்குக் கிட்டத்தான் ஆகிறது. கியரில் வீணாவதையும் சேர்த்தால் 25 எச்.பி. போதும்.

இனி வயலோரத்து ஈர மண். அங்கே சக்கரம் உருளவே மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுப்பு தேவைப்படும் என்று வையுங்கள். அதாவது 270 கிலோ. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக 10 எச்.பி. போதும். வெறும் பத்து! அப்படியிருக்க, 70, 80 எச்.பி. வண்டியெல்லாம் ஏன் சேற்றில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுகின்றன? என்ஜினில் பலம் இல்லாமல் இல்லை. டயருக்குப் பிடி இல்லை. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரம்தான் தள்ளுகிறது. காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசாக இருப்பதால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். ஆகவே களத்துமேடு வரைக்கும் மண் பாதைதான் என்றால், கூடுதல் எச்.பி.க்குப் பணம் கொடுப்பதைவிட, தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம், டயர் எப்படிப்பட்டது என்று பார்ப்பதே பிரயோஜனம்.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு

விளம்பரத்தில் போடுகிற எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு அமெரிக்க நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிக்கப் வண்டிக்குப் பேர்போன தேசம் அது. அங்கே பண்ணைக்காரர்கள் ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் மாதிரியான பெரிய பிக்கப் வண்டிகளை வைத்துக்கொண்டு, பின்னால் டிரெய்லர் மாட்டிக் குதிரை, மாடு, வைக்கோல் கட்டு எல்லாம் கொண்டுபோகிறார்கள். "எங்கள் வண்டிதான் அதிகம் இழுக்கும்" என்று கம்பெனிகளுக்குள் பலத்த போட்டி. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. படி வேறு வேறாக இருந்தால் நெல் அளவு எப்படிச் சரியாகும்?

2008-ல் அந்த நாட்டு மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு சோதனை முறையை எழுதி வைத்தது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணை அருகே சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள ஏற்றச் சாலை இருக்கிறது. டிரெய்லர் பாரத்தோடு, கடும் வெயிலில், குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் அந்த மேட்டை ஏறிக் காட்டவேண்டும். டொயோட்டா கம்பெனி தன் 2011-ம் வருஷத்து வண்டிக்கே இந்த முறையை ஏற்றுக்கொண்டது. அதனால் அதன் இழுவை எண் முன்பிருந்ததைவிடக் குறைந்தது. மற்றப் பெரிய கம்பெனிகள் இந்த முறைக்கு வந்து சேர 2015-ம் வருஷத்து வண்டிகள் வரை ஆயிற்று.

இதிலே நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, எப்படி அளந்தார்கள் என்று தெரியாத எண்ணை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடக்கூடாது. இரண்டு, இழுப்பது வேறு, சுமப்பது வேறு. அந்த நாட்டுப் பிக்கப் வண்டி டிரெய்லரில் நாலு, ஐந்து டன் இழுக்கும் என்று எழுதியிருக்கும். ஆனால் அதன் முதுகில் ஏற்றக்கூடிய பாரம் ஒரு டன் சுமாருக்குத்தான் இருக்கும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கி வழியாக வண்டியின் முதுகிலும் இறங்குகிறது. அதையும் அந்த ஒரு டன்னில்தான் சேர்க்கவேண்டும்.

நம் ஊர்ப் பிக்கப் வண்டிகள் முதுகில் சுமப்பதற்காகக் கட்டப்பட்டவை. டிரெய்லர் இழுக்கலாம், இவ்வளவு எடை இழுக்கலாம் என்று கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருந்தாலொழிய, பட்டறையில் கொக்கி பற்றவைத்து டிரெய்லர் மாட்டவேண்டாம். இழுப்பதற்கு இருப்பது டிராக்டர்.

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கழித்தல்

வண்டியின் உண்மையான சுமைத் திறனை விளம்பரத்தில் தேடவேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் பாரத்தோடு மொத்த எடை, பாரமில்லாத எடை என்று இரண்டு எண் இருக்கும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். ஒரு பேச்சுக்கு மொத்த எடை 2,700 கிலோ, காலி வண்டி 1,420 கிலோ என்றால், மீதி 1,280 கிலோ. இத்தனையும் மூட்டைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவரும் கூட வரும் இரண்டு ஆளும் சேர்ந்து 200 கிலோ. பக்கப் பலகைக்கு மேலே இரும்புச் சட்டம் கட்டி உயர்த்தினால் அது ஒரு 120 கிலோ. இரண்டையும் கழித்தால் 960 கிலோ. 40 கிலோ மூட்டையாக 24 மூட்டை. அவ்வளவுதான்.

"என்னங்க இது, நாங்க 38 மூட்டை ஏத்துறோமே, வண்டி போகுதே!" என்று நீங்கள் கேட்கலாம். போகத்தான் போகும். மேலே சொன்ன கணக்குப்படி என்ஜினுக்கு அது பெரிய வேலை இல்லை. சிரமம் போவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது.

வேகம் 40-லிருந்து 60 ஆனால், வண்டியை நிறுத்த பிரேக் தின்னவேண்டிய உழைப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. அதோடு மொத்த எடையும் ஒன்றரை மடங்கானால் அந்த உழைப்பு மூன்றேகால் மடங்கையும் தாண்டுகிறது. இவ்வளவும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மலையிலிருந்து அதிக பாரத்தோடு இறங்குகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி வழியில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு எந்தக் கியர் போட்டீர்களோ, இறங்குவதற்கும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் அடியோடு கூடாது. நூறு ரூபாய் டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிக பாரத்தை உங்கள் செலவில் அங்கேயே இறக்கவும் சொல்லலாம். இன்னொன்று, நடவுக்கும் களைக்கும் பெண்களைப் பின்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போகிறோமே, அது சர்வ ஜாக்கிரதையாகத் தவிர்க்கவேண்டிய காரியம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். பிறகு நஷ்ட ஈடு வண்டிக்காரர் நிலத்தின் மேல் வந்து நிற்கும்.

தரத்தை எப்படிப் பார்ப்பது?

பெயிண்டையும் சீட்டையும் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேஸிஸ் கட்டை எவ்வளவு கனம், குறுக்குக் கட்டை எத்தனை, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை எத்தனை என்று எண்ணுங்கள். சரக்குத் தட்டின் தகரம் எவ்வளவு தடிமன் என்று தட்டிப் பாருங்கள். உப்பு, உரம், மீன் ஏற்றுகிற வண்டியில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவுகிற வண்டியும் கழுவாத வண்டியும் மூன்றாவது வருஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, நீங்கள் வாங்க நினைக்கிற அதே வண்டியை மூன்று வருஷமாக ஓட்டுகிற டிரைவர் ஒருவரை மார்க்கெட்டில் பிடியுங்கள். முதலாளியைக் கேட்பதைவிட டிரைவரைக் கேட்பது நல்லது. கிளட்ச் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினார், பின் டயர் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, பாரத்தோடு லிட்டருக்கு எவ்வளவு தருகிறது, சாமான் உள்ளூரில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். எவ்வளவு நல்ல வண்டியானாலும் ஒர்க் ஷாப் 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அறுவடைச் சமயத்தில் ஒரு சின்ன சாமானுக்காக நாலு நாள் நிற்கும்.

2020 ஏப்ரல் முதல் விற்கிற புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு முறைப்படி வருகின்றன. டீசல் வண்டியில் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல், கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியபடி கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்டிக் கரியை எரிக்கவேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்த வண்டிகளுக்கு விஷம் மாதிரி.

கடைசிச் சோதனை உங்கள் ஊரில் நடக்கவேண்டும். வண்டியைக் காலியாக ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் பறக்கத்தான் செய்யும். "என் மூட்டையை ஏத்தி, எங்க ஊர் மேட்டிலே நடுவே நிறுத்திக் கிளப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிறகு பாரத்தோடு பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறதா? பின்பக்கம் அதிகமாகத் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் இலேசாகிறதா? வாங்கிய பிறகு ஒரு தடவை எடைமேடையில் காலி வண்டியையும், வழக்கமாக ஏற்றுகிற பாரத்தோடும் நிறுத்துப் பாருங்கள். உங்கள் கண் மதிப்பு எவ்வளவு சரி என்று அப்போது தெரியும்.

டிராக்டரா, பிக்கப்பா?

வீட்டில் டிராக்டரும் டிரெய்லரும் இருக்கிறவர்கள் அவசரப்பட்டு இன்னொரு வண்டி வாங்கவேண்டாம். வயலிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு என்று ஐந்து, பத்து கிலோமீட்டருக்குள் ஓடுகிற வேலைக்கு டிராக்டரே போதும். மண் பாதையில் அதன் டயருக்கு உள்ள பிடி பிக்கப்புக்கு வராது. தூரம் 30, 40 கிலோமீட்டர் ஆகும்போது டிராக்டரின் குறைந்த வேகமும் டீசல் செலவும் லாபத்தைத் தின்றுவிடும். அடிபடுகிற தக்காளி, கீரை, பூ, பால் இதற்கெல்லாம் பிக்கப்தான் தேவலை.

ரோட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். இடது, வலது பிரேக் மிதி இரண்டையும் சேர்த்துப் பூட்டவேண்டும். பூட்டாமல் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் திரும்பிக் கவிழும். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிச் சில்லு ஒட்டியிருக்கவேண்டும். ராத்திரியில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடைசியாக, பணக் கணக்கு. 8 லட்ச ரூபாய் கடன், 10 சதம் வட்டி, ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 17,000 ரூபாய் கட்டவேண்டும். மாதத்துக்கு 10 நடை ஓடினால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஒரு நடைக்கு 1,700 ரூபாய் விழுகிறது. 25 நடை ஓடினால் 680 ரூபாய். இதற்கு மேல் இன்சூரன்ஸ், டயர், டிரைவர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. உங்கள் சொந்த விளைச்சல் எத்தனை நடைக்கு வரும் என்று ஒரு வருஷத்துக்கு நோட்டில் எழுதிப் பாருங்கள். பத்து நடைதான் என்றால் வாடகை வண்டியே மேல். அல்லது பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேரோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாம். தவணைக்காக அதிக பாரம் ஏற்றுகிறவர் பலர். தவணை இடிக்காத அளவில் வண்டி வாங்கினால், அந்த அவசியமே வராது.

ஆகவே விவசாயப் பெருமக்களே, எச்.பி. எவ்வளவு என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். என் விளைச்சல் எவ்வளவு எடை, எத்தனை நாள், எந்த ரோட்டில் போகிறது என்பது முதல் கேள்வி. ஆர்.சி. புத்தகப்படி அந்த எடையைச் சுமக்குமா என்பது இரண்டாவது. குறைந்த சுற்றில் முறுக்கு விசை உண்டா என்பது மூன்றாவது. பாரத்தோடு நேராக நிற்கிறதா என்பது நாலாவது. பக்கத்தில் ஒர்க் ஷாப் உண்டா என்பது ஐந்தாவது. இந்த ஐந்துக்கும் சரியாகப் பதில் சொல்லுகிற வண்டி, பெரிதோ சிறிதோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற வண்டி. பார்த்து வாங்குங்கள், அளவாக ஏற்றுங்கள், பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.